ஒத்தாசைக்குப் போன பதினோரு துப்பாக்கி

மேல்வாழப்பாறை ஊர்க்கவுண்டர் சின்னப்பையனிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அது வருவதற்கு முன்னால் அவர் சுமாரான மனிதராகத்தான் இருந்தார் என்பது அதே ஊர் வெள்ளச்சியின் கணிப்பு. சாமை விதைக்க நாள் சொல்வார், பங்காளிச் சண்டையை விலக்கிவிடுவார், மற்ற நேரத்தில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். கடுக்காய் விற்ற காசில் கள்ளக்குறிச்சியில் அந்தப் பெட்டியை வாங்கி வந்த நாளிலிருந்து அவருக்குக் கல்வராயன் மலை போதவில்லை. டெல்லி என்ன நினைக்கிறது, கொழும்பு என்ன நினைக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் வந்து குடியேறிக்கொண்டது. தண்ணீர் எடுத்துவருகிற பெண்களை வழியில் நிறுத்தி வைத்துக்கொண்டு விளக்குவார். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு நம் சர்க்கார் துப்பாக்கி கொடுத்துப் பழக்கிவிட்டது, இப்போது பட்டாளமே போய் இறங்கியிருக்கிறது, இனிமேல் அந்தத் தீவில் நாம் சொன்னதுதான் சட்டம் என்பார். நிறைகுடத்தோடு நின்று கேட்பவளுக்கு இடுப்பு ஒடிகிறது என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டாது.

அது எண்பத்தேழாம் வருஷம், ஆவணிக் கடைசி. கீழே சமவெளியில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்தது. படிப்பிலும் உத்தியோகத்திலும் எங்களுக்குத் தனிப் பங்கு கொடு, இல்லையென்றால் ஏழு நாள் ஒரு வண்டி ஓடாது என்று அறிவித்திருந்தார்கள். மலையில் அந்தச் செய்தி சின்னப்பையனின் பெட்டி வழியாக வந்தது. அதைவிட முக்கியமான செய்தி வெள்ளச்சியின் காட்டில் இருந்தது. மழை தள்ளிப் பெய்ததால் தாமதமாக விதைத்த சாமை, சரிவு முழுக்க அப்போதுதான் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. போன வருஷம் சாமை பொய்த்துப்போய், அவளும் புருஷன் இருசப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளும் மூன்று மாதம் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். சின்னவளுக்குக் கிழங்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு ஊதி, ஒரு கட்டத்தில் பிழைக்க மாட்டாள் என்றே ஊர் பேசியது. இந்த வருஷம் சாமை வீடு வந்து சேர்ந்தாக வேண்டும். வெள்ளச்சிக்கு டெல்லியும் இதுதான், கொழும்பும் இதுதான்.

இப்படி இருக்கையில்தான் கரைமேட்டு ஆதிமூலம் மலை ஏறி வந்தார். மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் கரும்பு வைத்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்புகிறவர். மலைப் புளியை அவர் சொன்ன விலைக்கு அவர் தராசில் நிறுத்து வாங்குகிறவரும் அவரே. வெள்ளைச் சட்டை, கூட நாலு ஆட்கள், ஒரு தார் வாழைப்பழம், குழந்தைகளுக்கு ரெண்டு பொட்டலம் பிஸ்கட். பத்து வருஷமாகப் புளி வாங்கியும் ஒரு நாளும் மலைமேல் காலை வைக்காத மனிதர், அன்றைக்கு இருசப்பன் தோளில் கையைப் போட்டு "மச்சான்" என்று கூப்பிட்டார். இருசப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளச்சி தோளில் கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரியம் இல்லாமல் கௌளி சொல்லாது, காசு இல்லாமல் கரைமேட்டான் சிரிக்க மாட்டான்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருகிற வழக்கம் இல்லை. பத்தடி தள்ளி முறத்தை வைத்துக்கொண்டு புடைக்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்கிற வழக்கம் உண்டு. ஆதிமூலம் கேட்டது துப்பாக்கி. மறியல் நடக்கும்போது எதிராளிகள் வந்து கை வைப்பார்கள், போலீஸ் புகுந்து அடிக்கும், எங்கள் கையிலும் ஏதாவது இருந்தால்தான் பயம் இருக்கும், சுடவெல்லாம் மாட்டோம், சும்மா காட்டுவதற்குத்தான் என்றார். மேல்வாழப்பாறையில் பதினோரு நாட்டுத் துப்பாக்கி இருந்தன. வாய் வழியாகக் கரிமருந்து கொட்டி, கம்பியால் இடித்து, ரவை போட்டுச் சுடுகிற பழைய சாமான்கள். சர்க்கார் காகிதம் எதற்கும் கிடையாது. காட்டுப்பன்றியிடமிருந்து சாமையைக் காப்பது ஒன்றுதான் அவற்றின் வேலை, மலையில் அதைவிடப் பெரிய வேலையும் இல்லை.

பதிலுக்கு ஆதிமூலம் கொடுத்த வாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. போராட்டம் ஜெயித்தால் மலைக்கு ரோடு, ரேஷன் கடை, பஸ். மலைக்காரன்மேல் எவன் கை வைத்தாலும் கரைமேடு மொத்தமும் மேலே ஏறி வரும். சின்னப்பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடிய கண்ணுக்குள் அவர் டெல்லியில் உட்கார்ந்திருந்தார் என்பது வெள்ளச்சிக்கு முறத்தடியிலிருந்தே தெரிந்தது.

கடைசியில் அவர் கண்ணைத் திறந்து, சபைக்குச் சொன்னார். "குடுக்கறவன் கை எப்பவும் மேலதான் இருக்கும். டெல்லிக்காரன் இன்னா முட்டாளா? கடலத் தாண்டிக் குடுத்தான், இன்னிக்கு அந்தத் தீவே அவன் பேச்சக் கேக்குது. நாம மலைய வுட்டுக் கீழதான எறக்கப்போறோம். இன்னிக்கு நாம குடுத்தா நாளைக்கிக் கீழ்நாடே நம்ம கையில."

ஆண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கீழ்நாட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஆட்டுக்கிடாயிடம் கேட்டிருந்தால்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த இருசப்பனை வெள்ளச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்றாள். மறியல் ஏழு நாள் என்றால் ஏழு நாளில் எதுவும் திரும்பி வந்த சரித்திரம் உண்டா என்றாள். ஒன்றைக் கொடுங்கள், இரண்டைக் கொடுங்கள், பதினொன்றையும் துடைத்துக் கொடுப்பது எந்த ஊர்ப் புத்தி என்றாள். இருசப்பன், கூட்டத்தில் மற்றவன் கொடுக்கும்போது நான் மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தால் கௌரவம் என்ன ஆகும் என்று கேட்டான். அவன் வீட்டுத் துப்பாக்கி அவன் அப்பனுடையது. ஊரிலேயே குறி தப்பாதது அதுதான். அதை ஆதிமூலம் கையில் வாங்கிப் பார்த்து, "மச்சான், இது பட்டாளத்துச் சாமானாட்டம் இருக்குதே" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதும், இருசப்பன் கட்டின கோவணத்தையும் அவிழ்த்துக் கொடுத்திருப்பான்.

"பன்னி வந்தா இன்னாய்யா பண்ணுவ? மச்சான்னு கூப்புடுவியா?"

"எதுக்கு இப்பிடிப் பயந்து சாவற? கம்பி நம்ம வூட்லதான இருக்கப்போவுது."

இந்தக் கம்பி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மலையில் ஒருவன் துப்பாக்கியை இரவல் வாங்கிப்போனால், மருந்து இடிக்கிற கம்பியை அதிலிருந்து உருவி, மஞ்சள் கயிறு சுற்றி, கொடுத்தவன் வீட்டு நடுக்கம்பத்தில் கட்டிவைப்பார்கள். வாங்கினவன் தன் வீட்டுக் கம்பியைப் போட்டு இடித்துக்கொள்வான். கம்பி கம்பத்தில் இருக்கிறவரை துப்பாக்கி அந்த வீட்டுடையது, கம்பியைக் கொண்டுவந்து நீட்டினால் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும், மறுத்தவனுக்குச் சாமி கண்ணைப் பிடுங்கும். எந்தத் தலைமுறையிலும் ஒருத்தனும் மறுத்ததில்லை. ஆகவே பதினோரு கம்பியையும் உருவி, பதினோரு கம்பத்தில் கட்டி, பூ வைத்து, சின்னப்பையன் கையெடுத்துக் கும்பிட்டார். ஆதிமூலமும் பக்தியோடு கும்பிட்டார். அந்தச் சாமிக்குக் கரைமேட்டில் அதிகாரம் உண்டா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வெள்ளச்சிக்குக்கூட அன்றைக்கு அது தோன்றவில்லை. அந்தக் கோபம் அவளுக்குத் தன்மேலேயே கடைசிவரை இருந்தது.

மறியல் தொடங்கியது. மலை விளிம்பிலிருந்து பார்த்தால் ரோட்டோரம் அங்கங்கே புகை தெரிந்தது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒரு வண்டி ஓடவில்லை. மலைக்கு உப்பும் வரவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை. சின்னப்பையனின் பெட்டிக்குப் பாட்டரி தீர்ந்துபோய், அவர் அந்த நாலு பாட்டரியையும் பாறைமேல் வெயிலில் காயப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டில் நின்றவர்களில் பலர் அடிபட்டார்கள், பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தும் போனார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் பங்குக்காக நின்றவர்கள், அவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேச யாருக்கும் நாக்கு வரக்கூடாது. நம்முடைய பேச்சு ஆதிமூலத்தைப் பற்றி.

மூன்றாம் நாள் பன்றிகள் வந்தன. முதலில் ஒரு மூலை. மறுநாள் இன்னொரு மூலை. வெள்ளச்சியும் இருசப்பனும் பரண்மேல் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினார்கள். முதல் நாள் பன்றி ஓடியது. இரண்டாம் நாள் நின்று பார்த்துவிட்டு ஓடியது. மூன்றாம் நாள் தகரச் சத்தத்துக்குத் தின்னப் பழகிக்கொண்டது. ஊர் முழுக்க இதே கதைதான். இதில் வெள்ளச்சிக்கு ஒன்று பிடிபடவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் பன்றிகள் மேல்காட்டிலிருந்து இறங்கி வரும், எண்ணிக்கையும் பத்துக்கு மேல் போகாது. இந்த வருஷம் கூட்டம் கூட்டமாக, அதுவும் கீழேயிருந்து மேலே ஏறி வந்தன. குளம்புத்தடம் எல்லாம் சரிவை நோக்கி ஏறியிருந்தது. இருசப்பனிடம் காட்டினாள். அவன் தடத்தைப் பார்த்துவிட்டு, கீழே மறியல் சத்தத்தில் மிரண்டு வந்திருக்கும் என்றான். பன்றிக்கும் ஒதுக்கீடு வேண்டுமோ என்னவோ என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஏழு நாள் முடிந்தது, எட்டு முடிந்தது, பத்தும் முடிந்தது. துப்பாக்கி வரவில்லை. காட்டில் கால்பங்கு போய்விட்டது. கேட்டால் சின்னப்பையன், நட்பு நாட்டிடம் உடனே கேட்பது நாகரிகம் இல்லை என்றார். பதினோராம் நாள் காலை வெள்ளச்சி நடுக்கம்பத்திலிருந்து கம்பியை அவிழ்த்தாள். பழைய சேலைத்துணியில் சுற்றித் தலைச்சுமையில் செருகிக்கொண்டு, புருஷனிடம் புளி விலை விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினாள்.

கரைமேட்டு எல்லையில் கால் வைத்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. ஆதிமூலத்தின் கரும்புக் காட்டு முனையில் புதுப் பரண் ஒன்று நின்றது. அதன்மேல் நடுவயது ஆள் ஒருவன் கூலிக்கு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் கிடந்தது அவள் வீட்டுத் துப்பாக்கி. கட்டையில் மாமனார் போட்ட பித்தளை வளையம் வெயிலில் மின்னியது. யார் பெற்ற பிள்ளையோ, சூதுவாது தெரியாதவன். மலைக்காரி என்று கண்டதும் பெருமையாகவே சொன்னான்.

"உங்க ஊர்த் துப்பாக்கி சோக்கா சுடுதும்மா. காட்டச் சுத்தி அஞ்சு பரண் போட்டுகினாரு மொதலாளி. மீதியப் பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கு வாடகைக்கி வுட்டுட்டாரு. சத்தம் கேட்டுதோ இல்லியோ, இருந்த பன்னி மொத்தமும் மலைக்கி ஏறிடுச்சி. இந்த வருசம் ஒரு கரும்பு கம்மி ஆவாது."

மறியலுக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டாள். அதையெல்லாம் ரோட்டுக்கு எடுத்துப்போனால் போலீஸ் பிடுங்கிக்கொள்ளாதா என்று அவன் இவளைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். வந்த நாளிலிருந்தே கரும்புக்குத்தான் என்றான்.

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, கசந்த சிரிப்பு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவள் துப்பாக்கியால் அவன் கரும்பிலிருந்து விரட்டின பன்றி, அவள் சாமையைத் தின்ன வந்திருக்கிறது. இவள் எட்டு நாளாகத் தகரம் தட்டி விரட்டியது இவள் வீட்டுத் துப்பாக்கியே அனுப்பி வைத்த விருந்தாளிகளை. சிரித்து முடித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஆதிமூலம் வீட்டில் பகல் சாப்பாடு ஆகிக்கொண்டிருந்தது. மறியல் நடந்த ஏழு நாளும் அவருக்கு வாயுத் தொல்லை, ரோட்டுப் பக்கம் போகவே முடியவில்லை என்று கேட்காமலே சொன்னார். வாயு வந்தவரின் இலையில் கிடந்த சோற்றைப் பார்த்தால் வாயுவுக்கு வெட்கம் வந்திருக்கும். வெள்ளச்சி துணியைப் பிரித்துக் கம்பியை அவர் முன்னால் வைத்தாள். கம்பி வந்துவிட்டது, துப்பாக்கியைக் கொடுங்கள் என்றாள்.

ஆதிமூலம் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கத்தைக் கம்பியைக் கொண்டுவந்து கலகலவென்று தரையில் போட்டார்.

"இன்னாமா, இத்தத் தூக்கிகினு இவ்ளோ தூரம் வந்தியா? கொல்லன்கிட்ட சொன்னேன், ஒரே நாள்ல பதினஞ்சு அடிச்சிக் குடுத்துட்டான். வேணும்னா நீ ரெண்டு எடுத்துகினு போ."

சாமி கண்ணைப் பிடுங்கவில்லை. ரெண்டு கண்ணும் ஆதிமூலத்துக்கு நன்றாகவே தெரிந்தன. இதெல்லாம் நானும் ஊர்க்கவுண்டரும் பேசிக்கொள்கிற பெரிய விஷயம், நீ பொம்பளை, இதில் தலையிடாதே என்று தன்மையாகவே சொன்னார். தீபாவளி கழிந்து பார்க்கலாம் என்றார். அவர் மனைவி காசியம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டு மோரைக் குடிப்பதா என்று வெள்ளச்சிக்கு ஒரு நொடி தோன்றியது. வெயிலில் மலை இறங்கி வந்த தொண்டைக்கு ரோஷம் தெரியவில்லை. குடித்தாள்.

மலைக்குத் திரும்பியதும் நேராகச் சின்னப்பையனிடம் போனாள். கரும்பு, பரண், வாடகை, கொல்லன் அடித்த பதினைந்து கம்பி, எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது, உடனே மறைந்தது. ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிடப் பன்றிக்கே ஊரை எழுதிக்கொடுத்துவிடலாம் என்கிற ஜாதி அவர். கூட்டாளி பலமாக இருந்தால்தான் நமக்குப் பலம், அவன் கரும்பு நன்றாக விளைந்தால் அவன் பெரிய ஆள் ஆவான், பெரிய ஆள் நம் கூட்டாளி என்றால் யாருக்கு லாபம் என்று அவளையே திருப்பிக் கேட்டார். இதெல்லாம் தொலைநோக்காகப் பார்க்கவேண்டிய விஷயம் என்றார். தொலைவில் இருப்பதைப் பார்க்கிற கண்ணுக்குக் காலடியில் கிடக்கிற பன்றி விட்டை தெரியாது போலிருக்கிறது. அவள் வீட்டுக்குப் போய்க் கம்பியைப் பழையபடி கம்பத்தில் கட்டினாள். பூ வைக்கவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்துக் கீழே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. மேல்வாழப்பாறை ஆண்கள் அத்தனை பேரும் வரவேண்டும். போராட்டம் ஓய்ந்ததும் போலீஸ் ஊர் ஊராகத் துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தது. தேடல் தன் வாசலுக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னால் ஆதிமூலமே வண்டி கட்டிப்போய் ஒப்படைத்துவிட்டார். மலைக்காரர்கள் துப்பாக்கியோடு இறங்கி வந்து கலவரம் பண்ணப் பார்த்தார்கள், நான்தான் புத்தி சொல்லி வாங்கிவைத்தேன் என்று சொன்னாராம். பதிலுக்கு மரம் வெட்டின வழக்கில் இருந்த அவர் மச்சினனை விட்டுவிட்டார்கள்.

இருசப்பன் நாக்கை நம்ப முடியாது என்பதால் வெள்ளச்சியும் கூடப் போனாள். ஸ்டேஷன் வாசலில் கோணிப்பையை விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. பித்தளை வளையத்தைத் தேடினாள், காணவில்லை. பதினொன்றில் ஒன்பது போக, நன்றாகச் சுடுகிற ரெண்டை மட்டும் ஆதிமூலம் ஒப்படைக்க மறந்துபோயிருந்தார். நல்லதை வைத்துக்கொண்டு நொள்ளையை உண்டியலில் போடுகிற பக்தி. அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மலைக்காரர்கள் வெயிலில் நின்றார்கள்.

அதிகாரி கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டார். இது யாருடையது? என்னுடையது என்றால் லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்கு உள்ளே போகவேண்டும். இல்லை என்றால் துப்பாக்கி போச்சு. வரிசையில் முதலில் கிடந்தது சின்னப்பையனின் துப்பாக்கி. அவர் தாத்தா அதை வைத்துக்கொண்டு புலி அடித்தார் என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

"பாத்ததே இல்லீங்க" என்றார் சின்னப்பையன்.

அடுத்தவன் பார்த்ததில்லை. அதற்கடுத்தவனும் பார்த்ததில்லை. அப்பன் கொடுத்ததை, பாட்டன் கொடுத்ததை, ஒவ்வொருவனாக முன்னால் வந்து குனிந்து பார்த்து, இதென்ன சாமான் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருவன் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பும்போது கண்ணைத் துடைத்தான். வெள்ளச்சிக்கு அதுவரை அவர்கள்மேல் இளக்காரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அது கொஞ்சம் விலகியது. அதிகாரி எல்லோரையும் போகச் சொன்னார். ஆதிமூலம் நாற்காலியில் இருந்தபடியே சின்னப்பையனைப் பார்த்துத் தலையை அசைத்தார். சின்னப்பையனும் பதிலுக்கு அசைத்தார்.

திரும்பி மலை ஏறுகிற வழியில், பாதித் தூரத்தில் சின்னப்பையனுக்கு மூச்சும் திரும்பியது, தொலைநோக்கும் திரும்பியது. "ஒண்ணு கவனிச்சீங்களா? நம்ம ஊரு பேர சொன்னாரே தவிர, ஒருத்தன் பேரையும் சொல்லல. அதான் கூட்டாளி" என்றார். வெள்ளச்சியின் இளக்காரம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன்கூட, கடைசியில் குத்துதே குடையுதே என்றுதான் கத்துவான். ஓணான் எவ்வளவு மென்மையாகக் குடைகிறது பாருங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டு போகிறவரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஐப்பசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. காட்டில் பாதிதான் மிச்சம், அதுவும் பழுக்கப் பத்து நாளாவது வேண்டும். பாலோடு அறுத்தால் பதர்தான் மிஞ்சும், விட்டுவைத்தால் அதுவும் மிஞ்சாது. கொஞ்சம் முந்தி முற்றியிருந்த மேல் சரிவை அறுத்துவிட்டு, கீழ்ச் சரிவை வைத்துக் காப்பது என்று வெள்ளச்சி தீர்மானித்தாள். மேல் சரிவில் அறுத்ததைக் காயவைத்துக் குத்திப் பார்த்தாள். நாலு வாய்க்கு மாசி வரைக்கும் வரும். அதற்குப் பிறகு கிழங்கு. சின்னவள் குத்துகிற இடத்தில் வந்து உட்கார்ந்து, இந்த வருஷம் கிழங்கு வேண்டாம்மா என்றாள். கீழ்ச் சரிவை ஒரு கதிர்கூடப் போகாமல் காத்தாக வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீருக்குப் போகும்போது சின்னப்பையன் வீட்டு வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். ரோடு திறந்து, கடை திறந்து, பாட்டரி வந்திருந்தது. பெட்டி பாடிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் குடத்தை நிறுத்தி விளக்குவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிமிரவில்லை. பெட்டியில் செய்தி வாசிக்கிறவர், தீவில் சண்டை மூண்டுவிட்டது என்று வாசித்தார். நாம் துப்பாக்கி கொடுத்துப் பழக்கின பையன்களே நம் பட்டாளத்தைச் சுடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்த ஒருவன் மற்றவர்களுக்கு விளக்கினான். எங்கெங்கோ பெற்ற பிள்ளைகள் எவன் கொடுத்த குண்டிலோ செத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பையன் கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினார்.

"இன்னா மாமா, நிறுத்திட்டீங்க?" என்றாள் வெள்ளச்சி. "டெல்லிக்காரனுக்கு இன்னா கெடச்சிதுன்னு கேக்கலாம்னு பாத்தேன்."

பாட்டரி தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். பொம்பளைக்கு இத்தனை வாய் ஆகாது என்று ஒருவன் முனகினான். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு, வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, நேராகக் காட்டுக்குப் போனாள்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சரிவு முழுக்க மேல்வாழப்பாறையின் வீரர்கள் அவரவர் பரணில் தகரத்தோடு ஏறியிருந்தார்கள். இருசப்பன் பரணின் கீழே உட்கார்ந்து வெற்றுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவன் அந்தக் கையைத்தான் பார்க்கிறான். வெள்ளச்சி பரணில் கால் வைத்தபோது, கீழே கரைமேட்டுப் பக்கமிருந்து ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. கனத்த, கடைசியில் லேசாக உடைகிற சத்தம். இருபது வருஷமாக அந்த வீட்டில் கேட்டுப் பழகின காது. இருசப்பனும் தலையைத் தூக்கினான்.

"நம்மளுது" என்றான்.

கரும்பிலிருந்து இந்தச் சரிவுக்குப் பன்றி ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் இந்த ஒரு மாதத்தில் அவளுக்கு மனப்பாடம். ஒரு பானைச் சோறு பொங்கி இறக்குகிற நேரம்கூட இல்லை.

"உம் மச்சான் ஒத்தாசை அனுப்பிட்டாருய்யா" என்றாள். "எழுந்திரு, தகரத்த எடு."